குமிழி இல்லாமல்

காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம்
தேவகோட்டை வண்டிக்கு என் கண்ணில்
ஏழெட்டு முகப்பு விளக்குகள்.
போர்டு எழுத்துகள் ஒன்றின் தோளில் ஒன்று
ஏறி நிற்கும்.
பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பேன்,
"இது எங்கே போகுது?"
"அதான் போட்டிருக்கே" என்பார்.
போட்டிருக்கிறது.

கருவிழி கூம்பிப்போய்விட்டதாம்.
கெரட்டோகோனஸ்.
அடகுக்கடை முதலாளிக்கு
கேரட் என்றுதான் காதில் விழுந்தது.
இருபத்திரண்டா பதினெட்டா என்று கேட்டுச் சிரித்தார்.
நான் ஒரு சங்கிலியின் கொக்கியில்
முத்திரையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

முதல் லென்ஸ் சின்னது, கெட்டியானது.
கண்ணுக்குள் உமி விழுந்த மாதிரி.
போடப் போடப் பழகிவிடும் என்றார்கள்,
செருப்புக்கடையில் சொல்வது போல.
ஆனிக் காற்றில் செம்மண் பறக்கும்.
கல்லுக்கட்டியைத் தாண்டுவதற்குள்
பாதித் தெரு கண்ணீரில் கரைந்துவிடும்.
யார் வீட்டில் துக்கம் என்று
பூக்காரி கேட்டாள்.

கண்டனூரில் உமையாள் கல்யாணத்தன்று
அது தெறித்து விழுந்தது,
ஆத்தங்குடிக் கல் பாவிய கூடத்தில்.
பூவும் கட்டமும் கொடியுமாய் நிறைந்த தரையில்
நிறமே இல்லாத ஒன்றைத்
தவழ்ந்து தவழ்ந்து தேடினேன்.
பந்திக்குப் போகிற நாற்பது பேர்
காலைத் தூக்கித் தூக்கி வைத்தார்கள்.
கண்டெடுத்தது ஒரு குழந்தை.
நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு
"இனிக்கல" என்று என்னிடம் நீட்டியது.

இரண்டாவது லென்ஸ் பதினொரு நாள்.
அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவதற்கு மதுரை.
பெனாசிர் என்று ஒரு பெண்,
பெட்டி நிறையக் குட்டிக் கிண்ணங்கள்.
ஒவ்வொன்றாய் வைத்து
நீல விளக்கில் உற்றுப் பார்த்து
"இந்த இடத்தில் அழுத்துது, எடுத்துடலாம்" என்றாள்.
வலிக்கிறது என்று நான் சொல்லும் முன்பே
என் வலியைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.
நாலு தடவை பயணம். நாலு நாள் சம்பளப் பிடித்தம்.
விலையைக் கேட்டதும்
என் வளையல்களைக் கழற்றி
என் கடையிலேயே
என் கையாலேயே தராசில் வைத்தேன்.
எண்ணை முதலாளி வாசித்துச் சொன்னார்.

இப்போது காலை ஆறரை மணிக்கு
ஐம்பது காசு அகலக் கிண்ணத்தில்
உப்புநீர் விளிம்புவரை.
மேசையில் படுத்திருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடி.
கிணற்றை எட்டிப் பார்க்கிறவள் மாதிரி குனிந்து
இமைகளை விரலால் விரித்துப் பிடித்து
நீர் சிந்தாமல் அழுத்துகிறேன்.
கடுகளவு குமிழி இருந்தாலும்
உறிஞ்சியால் கழற்றி, கழுவி, மறுபடி.
சில நாள் மூன்று தடவை.
சில நாள் எட்டு ஐம்பது வண்டி போயே போய்விடும்.

சரியாய் அமர்ந்துவிட்டால்
அங்கே இருப்பதே தெரிவதில்லை.
வெள்ளைவிழியில் உட்கார்ந்துகொள்கிறது.
கூம்பை அது தொடுவதே இல்லை,
நடுவில் ஒரு துளி தண்ணீர்.
தொடாமல் இருப்பதிலும் ஒரு சுகம் உண்டென்று
இத்தனை வருஷத்தில் எனக்கு யாரும் சொன்னதில்லை.

போட்டுக்கொண்டு வேலைக்குப் போன முதல் நாள்
தராசின் சிவப்பு எண்கள்
தனித்தனியாய் நின்றன.
முதலாளி காதில் முடி.
காலண்டரில் அமாவாசையின் கறுப்பு வட்டம்.
அவர் டீக்கடைக்குப் போன நேரம்
பெட்டகத்தில் என் பொட்டலத்தை எடுத்தேன்.
ரசீதில் பதினாறு கிராம் முந்நூற்றுப் பத்து.
தராசில் வைத்தேன்.
பதினேழு, எண்ணூற்று இருபது.
எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன்.
பதினேழு, எண்ணூற்று இருபது.

துணியில் முடிந்து
இருந்த இடத்திலேயே வைத்துப் பூட்டினேன்.
கண் கொஞ்சமும் உறுத்தவில்லை.

உதட்டைத் துடைத்துக்கொண்டு வந்தவர்
"என்னம்மா, இப்ப நல்லாத் தெரியுதா?" என்றார்.

தெரியுது என்றேன்.